வெள்ளை மாளிகை, இல்லையேல் வீடு

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே,

சென்ற வகுப்பு முடிந்து புறப்படும் சமயம், ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு வாலிபத் தோழர் எங்களை வாசலில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் ஒரு ஸெனட்டர், ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்பதற்காகக் கையில் இருந்த பதவியையே ராஜினாமா செய்தாராமே! அவரைத் தியாகி என்று சொல்லலாமா, கூடாதா?" என்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமலே வந்துவிட்டோம். ஆனால் கேள்வி எங்களோடு பஸ் ஏறி வந்தது.

இது லேசான கேள்வி அல்ல. தியாகம் என்ற சொல்லுக்கு நம்மிடையே விலை அதிகம். வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காக ஆலையிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி கூட்டிக் கேட்டதற்காக அடுத்த அறுவடைக்கு அழைக்கப்படாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழந்ததையும் அந்த ஸெனட்டர் விட்டதையும் ஒரே தராசில் வைக்கலாமா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் எதை விட்டார், எப்போது விட்டார், ஏன் விட்டார், விட்ட பிறகு என்ன நடந்தது என்று நான்கையும் பார்க்க வேண்டும். இன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

ஸெனட் என்றால் என்ன?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 50 ராஜ்யங்கள். ராஜ்யத்துக்கு இரண்டு பேர் வீதம் 100 ஸெனட்டர்கள். பதவிக் காலம் ஆறு ஆண்டு. கோடிக்கணக்கான மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு பேர், சில லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கும் இரண்டு பேர். 1913 வரை இவர்களை ராஜ்யச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. அந்த ஆண்டில் வந்த அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் மக்கள் நேரடியாக ஓட்டளிக்கிறார்கள்.

ஜனாதிபதி பதவிக்கு நிற்பதற்காக ஸெனட்டர் தம் இடத்தை விட வேண்டும் என்று அங்கே சட்டம் எதுவும் இல்லை. பதவியில் இருந்துகொண்டே நிற்கலாம். ஜெயித்தால் வெள்ளை மாளிகை. தோற்றால் திரும்பிவந்து பழைய நாற்காலியிலேயே உட்காரலாம். 1960-ல் ஜான் கென்னடி இப்படித்தான் நின்றார். ஜெயித்த பிறகு, டிசம்பர் மாதத்தில்தான் ராஜினாமா கொடுத்தார். 1972-ல் ஜார்ஜ் மெக்கவர்ன் நின்று படுதோல்வி அடைந்தார். திரும்பிப்போய் ஸெனட் வேலையைத் தொடர்ந்தார்.

இதற்கும் ஒருபடி மேலே போனவர்கள் உண்டு. 1960-ல் லிண்டன் ஜான்சன் உப ஜனாதிபதி பதவிக்கும் நின்றார், அதே நாளில் அதே டெக்ஸாஸில் ஸெனட் இடத்துக்கும் நின்றார். இதற்கு வசதியாக முந்தின ஆண்டே ராஜ்யச் சட்டத்தை மாற்றி வைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் ஜெயித்தார். 1988-ல் அதே டெக்ஸாஸில் லாயிட் பென்ட்ஸன் அதே வழியில் போனார். மேல் பதவி கிடைக்கவில்லை, ஸெனட் இடம் மிஞ்சியது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

விட்டவர்களும் இருக்கிறார்கள். 1825-ல் ஆண்ட்ரூ ஜாக்ஸன் ஸெனட்டை ராஜினாமா செய்துவிட்டு மூன்று ஆண்டு வேலை செய்து, 1828-ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்திய அந்த மனிதர், 1830-ல் செவ்விந்தியர்களை அவர்கள் நிலத்திலிருந்து அப்புறப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1964-ல் அரிஸோனாவின் பாரி கோல்ட்வாட்டர், பதவிக் காலம் முடிகிற ஆண்டில், ஸெனட் இடத்துக்கு மறுபடி நிற்காமல் ஜனாதிபதித் தேர்தலுக்கே நின்றார். ஜான்சனிடம் 486-க்கு 52 என்ற கணக்கில் தோற்றார். நான்கு ஆண்டு காத்திருந்து 1968-ல் ஸெனட்டுக்கே திரும்பினார். ஆகவே நாற்காலியை விட்டதை மட்டும் வைத்து ஒரு மனிதரை எடைபோட முடியாது என்பது இங்கேயே தெரிகிறது.

நம் வாலிபத் தோழர் கேட்டது இவர்களைப் பற்றியல்ல. அவர் கேட்டது 1996-ல் ராஜினாமா செய்த பாப் டோலைப் பற்றி.

கான்சாஸிலிருந்து வந்தவர்

டோல் 1923-ல் கான்சாஸ் ராஜ்யத்தில் ரஸ்ஸல் என்ற சிற்றூரில் பிறந்தார். கோதுமைச் சீமை அது. தகப்பனார் பண்ணைக்காரர்களிடம் முட்டையும் பாலாடையும் வாங்கி விற்றார். தாயார் தையல் இயந்திரம் விற்றார். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் வீட்டின் நிலவறைக்குக் குடிபோய், மேல் வீட்டை வாடகைக்கு விட்டது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் வறுமையைப் பார்த்தவர்.

யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்தார். 1945 ஏப்ரல் 14-ந் தேதி, ஐரோப்பாவில் யுத்தம் முடிய மூன்று வாரமே இருக்கும்போது, இத்தாலியில் ஜெர்மன் நாஜிப் படைகளோடு நடந்த சண்டையில் குண்டடிபட்டார். மூன்று ஆண்டுக் காலம் ஆஸ்பத்திரிகளில் கிடந்தார். வலது கை கடைசிவரை வழங்கவில்லை. யாரும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிடாதபடி எப்போதும் ஒரு பேனாவைப் பிடித்திருப்பார். அவருடைய வைத்தியத்துக்காக ரஸ்ஸல் ஊரார் சுருட்டுப் பெட்டி ஒன்றை வைத்துச் சில்லறை வசூலித்தார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர், பிழைக்க வந்த ஆர்மீனியர், தமக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏழைகள் காசு போட்டு எழுப்பி நிறுத்திய மனிதர் அவர்.

1961-ல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1969-ல் ஸெனட்டுக்கு வந்தார். குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய கணக்கில் வரவும் உண்டு, பற்றும் உண்டு. 1964-ல் கறுப்பு மக்களின் சிவில் உரிமைச் சட்டத்துக்கும், 1965-ல் அவர்களது வாக்குரிமைச் சட்டத்துக்கும் ஆதரவாக ஓட்டளித்தார். அதே 1965-ல் வயோதிகர்களுக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ் சட்டத்தை எதிர்த்து ஓட்டளித்தார். ஊரார் சுருட்டுப் பெட்டியால் வைத்தியம் பார்த்துக்கொண்டவர், சர்க்கார் பெட்டியிலிருந்து கிழவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதை எதிர்த்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1970-களில், முன்னே சொன்ன மெக்கவர்னோடு சேர்ந்து உணவுச் சீட்டுத் திட்டத்தைத் திருத்தினார். அதுவரை ஏழைகள் முதலில் பணம் கட்டி அந்தச் சீட்டை வாங்க வேண்டும். கையில் ரொக்கம் இல்லாதவனுக்குச் சீட்டும் இல்லை, ரொட்டியும் இல்லை. 1977-ம் ஆண்டுச் சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. எதிர்க்கட்சிக்காரரோடு சேர்ந்து அவர் செய்த உருப்படியான வேலை இது. பசித்தவன் வாயில் சோறு போனதென்றால் போட்டவன் கட்சியைக் கேட்டு அதைத் துப்பச் சொல்ல முடியாது.

ஐம்பது சென்ட் தகராறு

இனி 1996-க்கு வருவோம். டோலுக்கு அப்போது வயது 72. ஸெனட்டில் பெரும்பான்மைத் தலைவர். எந்த மசோதாவை எப்போது எடுப்பது என்பது அவர் கையில். ஜனாதிபதி பதவிக்கு 1980-லும் 1988-லும் முயன்று தம் கட்சியின் நியமனமே கிடைக்காமல் போனவர், இந்த முறை நியமனத்தை உறுதி செய்துவிட்டார். ஆனால் உள்கட்சிப் போட்டியிலேயே, சட்டம் அனுமதித்த செலவுத் தொகை ஏறத்தாழத் தீர்ந்துபோயிற்று. ஆகஸ்டில் கட்சி மாநாடு கூடும்வரை கை கட்டியிருக்க வேண்டிய நிலை.

இந்த நேரத்தில் ஸெனட்டுக்குள் ஒரு கணக்கு வந்து நின்றது. தோழர்களே, இதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-ல் வந்தது. அப்போது மணிக்கு 25 சென்ட். படிப்படியாக ஏறி 1991 ஏப்ரலில் 4 டாலர் 25 சென்ட் ஆனது. அங்கேயே நின்றுவிட்டது. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்தால் 170 டாலர். 1991-லும் 170, 1996-லும் 170. வீட்டு வாடகை நிற்கவில்லை, ரொட்டி விலை நிற்கவில்லை, கூலி மட்டும் நின்றது.

எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஸெனட்டர் எட்வர்ட் கென்னடி, 90 சென்ட் உயர்வு கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். தலைவர் அதை ஓட்டுக்கு எடுக்கவில்லை. உடனே, டோல் எந்த மசோதாவைக் கொண்டுவந்தாலும் அதன் வாலில் கூலி உயர்வைக் கட்டிவிடுவது என்று ஆரம்பித்தார்கள். குடியேற்ற மசோதா வந்தால் அதிலும் கூலி உயர்வு. பெட்ரோல் வரியைக் குறைக்கும் மசோதா வந்தால் அங்கேயும் கூலி உயர்வு. அந்த சபையில் பேச்சை முடித்து ஓட்டுக்கு விட 100 பேரில் 60 பேர் சம்மதிக்க வேண்டும். டோல் கட்சிக்கு இருந்தது 53. கூலி உயர்வை ஓட்டுக்கு விட்டால், அவர் கட்சியிலேயே பலர் தேர்தலுக்குப் பயந்து ஆதரித்துவிடுவார்கள். விடாவிட்டால் எந்த வேலையும் நகராது. கடிவாளம் பிடித்தவர் கையையே கட்டிவிட்டார்கள்.

வெளியே தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. ஏ.எப்.எல்.-சி.ஐ.ஓ. மத்திய சங்கம் முந்தின ஆண்டுதான் ஜான் ஸ்வீனியின் புதிய தலைமையைத் தேர்ந்தெடுத்திருந்தது. தேர்தல் ஆண்டில் கூலிப் பிரச்னையை ஊர் ஊராக எடுத்துச் சென்றது.

ஜனநாயகக் கட்சி தொழிலாளியின் தோழன், குடியரசுக் கட்சி விரோதி என்று இதை வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். 1993-லும் 1994-லும் வெள்ளை மாளிகையும் ஜனநாயகக் கட்சியிடம், இரு சபைகளும் அதே கட்சியிடம். அந்த இரண்டு ஆண்டில் அவர்கள் கூலியை ஒரு சென்ட்கூட உயர்த்தவில்லை. அதிகாரம் கையில் இருந்தபோது மறந்தார்கள், கையை விட்டுப் போனபோது ஞாபகம் வந்தது. டோல் கட்சியினர் இதைச் சுட்டிக்காட்டியது நியாயமே. ஆனால் மற்றவன் கொடுக்கவில்லை என்பது நான் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகுமா?

ராஜினாமா

1996 மே 15-ந் தேதி டோல் தம் முடிவை அறிவித்தார். தலைவர் பதவியை மட்டுமல்ல, ஸெனட் இடத்தையே விடுவதாகச் சொன்னார். இனிமேல் தமக்கு இரண்டே இடம், வெள்ளை மாளிகை, இல்லையேல் வீடு என்ற கருத்தில் பேசினார். பேசும்போது குரல் கம்மிற்று. இருபத்தேழு ஆண்டு இருந்த சபை. எதிர்க்கட்சிக்காரர்களும் மதித்த மனிதர். ஜூன் 11-ந் தேதி விடைபெற்று வெளியேறினார். அந்த உணர்ச்சி பொய் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் அவர் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். நான்கே வாரம். ஜூலை 9-ந் தேதி அதே ஸெனட் கூலி உயர்வை 74-க்கு 24 என்ற ஓட்டில் நிறைவேற்றியது. கதவைத் திறந்தவுடன் அவர் கட்சிக்காரர்களே பெரும் எண்ணிக்கையில் உள்ளே ஓடிவந்து ஓட்டளித்தார்கள். ஆகஸ்ட் 20-ந் தேதி ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்டார். அக்டோபரில் மணிக்கு 4 டாலர் 75 சென்ட். மறு ஆண்டு செப்டம்பரில் 5 டாலர் 15 சென்ட். வாரத்துக்கு 170 டாலர் வாங்கியவர் முதலில் 190-ம், பிறகு 206-ம் வாங்கினார்.

கொடுத்த கை சும்மா கொடுக்கவில்லை. அதே சட்டத்தில் முதலாளிகளுக்கு வரிச் சலுகை சேர்த்தார்கள். இருபது வயதுக்குக் குறைந்த புதுத் தொழிலாளிக்கு முதல் 90 நாள் பழைய 4 டாலர் 25 சென்ட்டே போதும் என்றார்கள். ஹோட்டலில் பரிமாறி இனாம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி தரவேண்டிய ரொக்கக் கூலியை 2 டாலர் 13 சென்ட்டிலேயே கட்டிப்போட்டார்கள்.

இன்னும் இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 22-ந் தேதி, அதே கிளிண்டன் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் 1935 முதல் இருந்துவந்த உதவி உத்தரவாதத்தை அது ஒழித்தது. வேலையற்ற, பிள்ளைகுட்டி இல்லாத ஆட்களுக்கு மூன்று ஆண்டில் மூன்று மாதம்தான் உணவுச் சீட்டு என்றது. பிழைக்க வந்து சட்டப்படி குடியிருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குச் சீட்டு இல்லை என்றது. டோல் 1977-ல் அகலப்படுத்திய வாசலை 1996-ல் குறுக்கினார்கள். அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் டோலும் ஒருவர். கையெழுத்துப் போட்டது அவருடைய எதிரி. தேர்தல் மேடையில் இருவரும் சண்டை, ஏழையின் சீட்டை எடுப்பதில் இருவரும் சம்மதம்.

நவம்பர் 5-ந் தேதி தேர்தல் நடந்தது. கிளிண்டனுக்கு 379 தேர்வாளர் ஓட்டு, டோலுக்கு 159. ஓட்டளிக்கும் வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சாவடிப் பக்கமே போகவில்லை. டோல் விட்ட நாற்காலியில் கவர்னர் நியமித்த பெண்மணி, அதே ஆகஸ்டில் நடந்த உள்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் அவரைவிடக் கடுமையான வலதுசாரி. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, அதுவும் போயிற்று, இதுவும் போயிற்று.

பிறகு டோல் பட்டினி கிடக்கவில்லை. நீண்ட காலச் சேவைக்கான ஓய்வூதியம் உண்டு. வாஷிங்டனில் பெரிய வக்கீல் நிறுவனங்களில் இடம் உண்டு. வியாபார விளம்பரங்களிலும் தோன்றினார். 2021 டிசம்பரில் 98-வது வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2012 டிசம்பரில், ஊனமுற்றோர் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்துக்கு ஆதரவு கேட்டு, சக்கர நாற்காலியில் அந்த ஸெனட் மண்டபத்துக்கு வந்தார். பழைய சகாக்கள் அருகே வந்து மரியாதை செய்தார்கள். பிறகு அவர் கட்சிக்காரர்களே பெரும்பாலும் எதிர்த்து ஓட்டளித்தார்கள். 61-க்கு 38. மூன்றில் இரண்டு பங்கு தேவை, கிடைக்கவில்லை. நாற்காலி இல்லாதவனுக்கு அங்கே மரியாதை கிடைக்கும், ஓட்டு கிடைக்காது.

தியாகியா?

இப்போது கேள்விக்கு வருவோம். அவர் விட்டது உண்மை. 2015-ல் புளோரிடாவின் மார்க்கோ ரூபியோ, ஜனாதிபதிப் போட்டிக்காக ஸெனட் இடத்துக்கு மறுபடி நிற்பதில்லை என்று சொல்லிவிட்டு, 2016-ல் போட்டியில் தோற்றதும் அதே இடத்துக்குத் திரும்ப நின்று ஜெயித்தார். டோல் அப்படிச் செய்யவில்லை. சொன்னபடி வீட்டுக்குப் போனார். அந்த அளவில் அவர் நாணயஸ்தர்.

ஆனால் தியாகம் என்றால், மற்றவர்களுக்காகத் தன்னுடையதை விடுவது. டோல் ஒரு பதவியை விட்டது அதைவிடப் பெரிய பதவிக்காக. அதற்குப் பெயர் பந்தயம். பந்தயத்தில் தோற்பவனுக்காக வருத்தப்படலாம். தியாகி என்று மாலை போட முடியாது. வேலைநிறுத்தத்தில் வேலை இழந்த தொழிலாளி மானேஜர் வேலைக்கு ஆசைப்பட்டு இழக்கவில்லை. பக்கத்துத் தறிக்காரனுக்கும் சேர்த்துக் கேட்டு இழந்தான். அவனுக்கு ஓய்வூதியமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

இதில் அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அந்த ஆறு மாதமும் பத்திரிகைகள் நாற்காலியைப் பற்றியே எழுதின. விடுவாரா, விடமாட்டாரா, குரல் ஏன் கம்மிற்று, ஜெயிப்பாரா, தோற்பாரா. ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவனுக்கு அது அல்ல கேள்வி. நாற்காலியில் டோல் இருந்தபோது அவன் கூலி 4 டாலர் 25 சென்ட். போன பிறகு 4 டாலர் 75 சென்ட். டோல் கெட்டவர், அடுத்தவர் நல்லவர் என்பதால் அது ஏறவில்லை. வெளியே சங்கங்கள் விடாமல் கேட்டதாலும், தேர்தல் நெருங்கியதாலும், உள்ளே வழியை மறித்து உட்கார்ந்ததாலும் ஏறியது. கேட்பது நின்றபோது கூலியும் நிற்கும். 2009 ஜூலையில் அது 7 டாலர் 25 சென்ட் ஆனது. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுக்கு மேல் மத்தியச் சட்டத்தில் ஒரு சென்ட் ஏறவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ ஸெனட்டர்கள் ஜனாதிபதி பதவிக்கு நின்றார்கள். சிலர் இடத்தை விட்டார்கள், சிலர் பிடித்துக்கொண்டார்கள். தட்டுக் கழுவுகிறவனின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே, தோழரே, அடுத்த முறை யாராவது பதவியைத் துறந்தார் என்று கேள்விப்பட்டால், அவர் அழுதாரா என்று கேட்காதீர்கள். அந்தப் பதவியில் இருந்தபோது எந்த மசோதாவை எடுத்தார், எதைப் பூட்டி வைத்தார் என்று கேளுங்கள். அவர் போனபின் பூட்டு திறந்ததா என்று கேளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது எல்லோரும் கூலிச் சீட்டை எடுத்துவாருங்கள். சீட்டு இல்லாத வயல்வேலைத் தோழர்கள் நாள் கூலியை ஞாபகம் வைத்து வாருங்கள். கடைசியாக எந்த ஆண்டு எவ்வளவு ஏறியது, அதற்கு முன் நாம் என்ன செய்தோம் என்று பலகையில் எழுதிப் பார்ப்போம்.